மலை எரிந்த பின்னும் முடியாத கதை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

தீயவன் அழிந்தான், நல்லவன் வென்றான் என்னும் இடம் வந்ததும் நூலை மூடிவிடுவோர் நம்மில் பலர். அதற்குப் பின் வரும் பக்கங்களை விரைவாகப் புரட்டி, கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அறுவடை முடிந்த வயலில் இனி என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணந்தான் காரணம். ஆனால் சில கதைகளில் ஆசிரியர் சொல்ல விரும்பிய உண்மையான பொருள் அந்தக் கடைசிப் பக்கங்களிலேதான் பொதிந்து கிடக்கிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் படித்து மகிழ்ந்த மாயக் கற்பனைக் கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அத்தகைய நூல்களுள் ஒன்று. அதன் இறுதி அத்தியாயங்களில் உள்ள குறியீடுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் நூலும்

இந்நூலை எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். கத்தோலிக்கராக மாறியதால் உறவினரின் ஆதரவை இழந்து துன்புற்ற அவருடைய தாய் 1904ஆம் ஆண்டு இறந்தார். அப்போது டோல்கீனுக்கு வயது பன்னிரண்டு. பின்னர் ஒரு குருவானவரின் பாதுகாப்பில் வளர்ந்தார். முதல் உலகப் போரில் சேர்ந்து, 1916ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் சோம் போர்க்களத்தில் பணியாற்றினார். போருக்குப் பின் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பிக்கும் பேராசிரியரானார். 1937ஆம் ஆண்டு 'தி ஹாபிட்' வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய இப்பெரிய கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1973ஆம் ஆண்டு டோல்கீன் காலமானார்.

கதையை அறியாத தோழியருக்காக அதனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாபிட்டுகள் எனப்படுவோர் ஷயர் என்னும் பசுமையான நாட்டில் வாழும் குள்ளமான, எளிய மக்கள். அவர்களுள் ஒருவனாகிய ஃப்ரோடோவிடம் ஒரு மோதிரம் வந்து சேர்கிறது. அது சௌரோன் என்னும் தீய வல்லரசன் மற்றவர் மனங்களையெல்லாம் தன் அடியில் கொண்டுவரச் செய்த மோதிரம். அணிந்தவரையே அடிமையாக்குவது அதன் இயல்பு. அதனை எந்த நெருப்பில் செய்தார்களோ அந்த எரிமலையில் எறிந்தாலன்றி அது அழியாது. அந்த மலைக்கு ஊழ்மலை என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும் பகைவன் நாட்டிற்குள் புகுந்து அம்மலையை அடைகின்றனர். முன்பு அம்மோதிரத்தை நெடுங்காலம் வைத்திருந்து, அதனால் உருக்குலைந்துபோன கோல்லம் என்பவன் அவர்களைப் பின்தொடர்கிறான்.

நூலின் ஆறாம் பகுதியில் ஒன்பது அத்தியாயங்கள் உள்ளன. மூன்றாம் அத்தியாயத்திலேயே மோதிரம் நெருப்பில் விழுந்து அழிந்துவிடுகிறது, சௌரோனும் வீழ்கிறான். அதற்குப் பின்னும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன! பகைவன் அழிந்த பின் ஆறு அத்தியாயங்களில் என்ன சொல்ல முடியும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

உருவகமும் குறியீடும்

முதலில் ஒரு வேறுபாட்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1678ஆம் ஆண்டு ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பயணம்' ஓர் உருவகக் கதை. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைத் தமிழில் பாடினார். உருவகக் கதையில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு பொருள் உண்டு. இவன் நம்பிக்கை, இது உலக ஆசை என்று வரிசையாகப் பட்டியல் போட்டுவிடலாம். பூட்டுக்கு ஒரே சாவிதான்.

டோல்கீன் தம் நூல் அத்தகையது அன்று என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் தெளிவாகக் கூறியுள்ளார். மோதிரம் அணுகுண்டைக் குறிக்கிறது என்று சிலர் கூறினர். அவரோ அதனை மறுத்தார். இக்கதை இரண்டாம் உலகப் போரின் உருவகமாக இருந்திருந்தால், மோதிரத்தை அழிக்காமல் கைப்பற்றிப் பகைவனுக்கு எதிராகவே பயன்படுத்தியிருப்பார்கள் என்பது அவர் கூறிய காரணம். ஆசிரியர் தம் எண்ணத்தை வாசகர் மீது சுமத்துவது உருவகம். வாசகர் தம் வாழ்வோடு கதையைப் பொருத்திப் பார்ப்பது அவருடைய உரிமை. இதுவே அவர் கருத்து.

அப்படியானால் நாம் விரும்பிய பொருளையெல்லாம் சொல்லிவிடலாமா? கூடாது. குறியீடு என்று ஒன்றைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று: அப்பொருள் கதைக்குள்ளேயே உண்மையான ஒரு வேலையைச் செய்கிறதா? இரண்டு: அதன் விதை முன்னைய அத்தியாயங்களில் ஊன்றப்பட்டிருக்கிறதா? மூன்று: நாம் சொல்லும் பொருள் கதையில் நடந்ததற்கு மாறாக இல்லாமல் இருக்கிறதா? இம்மூன்று உரைகற்களையும் கையில் வைத்துக்கொண்டு இறுதி அத்தியாயங்களுக்குள் நுழைவோம்.

மலை உச்சியில் ஒரு தோல்வி

பல மாதப் பயணத்திற்குப் பின், உணவின்றி, நீரின்றித் தவழ்ந்து மலையை அடைந்த ஃப்ரோடோ, நெருப்புப் பிளவின் விளிம்பில் நிற்கிறான். எறிய வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் அவன் மனம் மாறிவிடுகிறது. தான் வந்த காரியத்தைச் செய்யப்போவதில்லை, மோதிரம் தனக்கே சொந்தம் என்று கூறி அதனை விரலில் அணிந்துகொள்கிறான். அப்போது கோல்லம் பாய்ந்து, ஃப்ரோடோவின் விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தைக் கைப்பற்றுகிறான். மகிழ்ச்சியில் கூத்தாடியவன் கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரமும் அவனோடு அழிகிறது.

எங்கள் வகுப்பில் இக்கதையைப் பற்றிப் பேசியபோது ஒரு தோழி கேட்டாள்: "கடைசியில் ஃப்ரோடோ தோற்றுத்தானே போனான்? அவனை எப்படி வீரன் என்று சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. இதே கேள்வியை டோல்கீனிடமே வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். 1963ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில் அவர் இதற்கு நீண்ட விடை எழுதியுள்ளார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், மோதிரத்தின் வலிமையை எவராலும் எதிர்த்திருக்க முடியாது. தன்னால் இயன்ற முழு ஆற்றலையும் செலவிட்ட பின்னரே அவன் வீழ்ந்தான். எனவே அதனை ஒழுக்கத் தவறாகக் கருதலாகாது என்பது அவர் விடையின் சாரம். மலை உச்சி வரை மோதிரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதே அவன் பங்கு. அதற்கு மேல் நடந்தது அவன் கையில் இல்லை.

இன்னும் சில மாதங்களில் பொதுத்தேர்வு எழுதப்போகிற நமக்கு இது எவ்வளவு ஆறுதலான செய்தி! கடைசி அடியில் தவறியவரின் முந்தைய அடிகள் எல்லாம் வீண் என்று இக்கதை சொல்லவில்லை.

இரக்கம் என்னும் விதை

அப்படியென்றால் உலகைக் காப்பாற்றியது எது? தற்செயலா? இரண்டாம் உரைகல்லைப் பயன்படுத்திப் பார்ப்போம். கதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இதற்கான விதை ஊன்றப்பட்டிருக்கிறது. ஃப்ரோடோவின் உறவினரான பில்போ, முன்பு மோதிரத்தைக் கண்டெடுத்தபோது, கோல்லத்தைக் கொல்லக்கூடிய வாய்ப்பு இருந்தும் இரங்கி விட்டுவிட்டார். அந்தக் கொடியவனை அப்போதே கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ சினந்து சொல்கிறான். அறிஞர் காண்டால்ஃப் அவனைக் கண்டிக்கிறார். சாவுக்குரியவர் யார், வாழ்வுக்குரியவர் யார் என்று தீர்ப்பிட அவசரப்படலாகாது என்றும், நன்மைக்கோ தீமைக்கோ கோல்லம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இன்னும் இருக்கலாம் என்றும் அறிவுறுத்துகிறார்.

பிறகு வழியில் கோல்லம் பிடிபட்டபோது ஃப்ரோடோவே இரங்குகிறான். இறுதியாக மலைச் சரிவில், வாளை ஓங்கிய சாமும் அவனை வெட்டாமல் விட்டுவிடுகிறான். சிறிது காலம் தானும் மோதிரத்தைச் சுமந்திருந்ததால், பல காலம் அதற்கு அடிமைப்பட்டவனின் வேதனையைச் சாமால் ஓரளவு உணர முடிந்தது. இந்த மூவரில் ஒருவர் இரங்காமல் இருந்திருந்தாலும் கோல்லம் மலை உச்சிக்கு வந்திருக்க மாட்டான், மோதிரம் ஃப்ரோடோவின் விரலிலேயே இருந்திருக்கும், பகைவன் வென்றிருப்பான். ஆகவே உலகைக் காப்பாற்றியது வாளன்று, மூன்று முறை ஓங்காத கையே என்றால் மிகையாகாது.

1956ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில், இந்தக் கட்டத்தை ஆண்டவர் கற்பித்த செபத்தின் இறுதி மன்றாட்டுகளோடு டோல்கீனே இணைத்துக் காட்டுகிறார். பிறர் குற்றங்களைப் பொறுத்தவன் தன் சோதனை வேளையில் தீமையினின்று விடுவிக்கப்படுகிறான். நாள்தோறும் காலை வழிபாட்டில் நாம் வாய்ப்பாடம் போலச் சொல்லும் சொற்கள் ஒரு கதையில் உயிர் பெற்று நிற்பதைக் காணும்போது மெய் சிலிர்க்கிறது. இத்தகைய எதிர்பாராத நல்ல திருப்பத்திற்கென்றே கிரேக்கச் சொற்களைக் கொண்டு அவர் ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார். 1939ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து வளர்ந்த கட்டுரையில் அதன் விளக்கத்தைக் காணலாம்.

2003ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தில் இக்கட்டம் சற்று மாற்றப்பட்டுள்ளது. அதில் ஃப்ரோடோ எழுந்து கோல்லத்தோடு போராட, இருவரும் விளிம்பில் சரிகின்றனர். பார்ப்பதற்கு விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் நூலில் எவரும் எவரையும் தள்ளவில்லை. அந்த வேறுபாட்டில்தான் பொருளே அடங்கியிருக்கிறது.

மார்ச் 25

மோதிரம் அழிந்த நாள் மார்ச் 25 என்றும், இனி அந்நாளே ஆண்டின் முதல் நாளாகும் என்றும் நான்காம் அத்தியாயத்தில் காண்டால்ஃப் கூறுகிறார். நூலின் பின்னிணைப்பில் உள்ள காலவரிசையைப் பார்த்தால், ஃப்ரோடோவும் தோழர்களும் பயணம் புறப்பட்ட நாள் டிசம்பர் 25. இவை ஏன் என்று ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. நாமறிவோம், டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு விழா, மார்ச் 25 கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். சிலுவை மரணம் நிகழ்ந்ததும் மார்ச் 25 என்று ஒரு பழைய மரபு உண்டு. இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுக்கு முன் பல நூற்றாண்டுகளாகச் சட்டப்படி ஆண்டு தொடங்கிய நாளும் அதுவே.

அப்படியானால் ஃப்ரோடோதான் கிறிஸ்து என்று சொல்லிவிடலாமா? மூன்றாம் உரைகல் அதைத் தடுக்கிறது. ஃப்ரோடோ வீழ்ந்தான், மீட்பர் வீழவில்லை. எனவே அது பொருந்தாது. ஒரு சிற்றூரில் ஒரு சிறு பெண் சொன்ன "ஆம்" என்ற சொல்லில் பெரிய மீட்பு தொடங்கியது போல, இக்கதையிலும் ஒரு சிற்றூரைச் சேர்ந்த எளியவன், வழி தெரியாவிட்டாலும் நான் போகிறேன் என்று முன்வருகிறான். அவ்வளவே. நாள் என்பது இங்கே சாவியன்று. சுவரில் ஏற்றி வைத்த சிறு விளக்கு. கவனிப்பவர்க்கு வெளிச்சம், கவனிக்காதவர்க்கும் கதை குறைவுபடாது.

வீட்டு வாசலில் பகைவன்

எட்டாம் அத்தியாயமே ஆறினுள் மிக வியப்பானது. உலகைக் காத்துவிட்டு ஃப்ரோடோ, சாம், மெரி, பிப்பின் ஆகிய நால்வரும் ஊர் திரும்பினால், ஊர் எல்லைப் பாலத்தில் வாயிற்கதவு அடைத்துக் கிடக்கிறது. சுவர்களில் எல்லாம் சட்டதிட்டங்களின் பட்டியல். விடுதிகள் மூடப்பட்டுவிட்டன. விளைந்ததைப் பங்கிடுவதாகச் சொல்லி அடியாட்கள் அள்ளிச் செல்கின்றனர். சாலையோர மரங்கள் வெட்டுண்டு கிடக்கின்றன. புதிய ஆலை ஒன்று ஆற்று நீரைக் கெடுக்கிறது.

இந்தக் கேடு எங்கிருந்து வந்தது? முதலில் வெளியிலிருந்து வரவில்லை. ஃப்ரோடோவின் உறவினன் லோத்தோ எல்லாம் தனக்கே வேண்டும் என்று நிலங்களை வாங்கிக் குவித்தான். அவன் திறந்துவிட்ட கதவின் வழியேதான் தோற்றுப்போன மந்திரவாதி சாருமான் உள்ளே நுழைந்தான். பகைவன் தொலைவில் ஒரு கறுப்புக் கோபுரத்தில் மட்டும் இருக்கிறான் என்று எண்ணியிருந்த நமக்கு இது பேரிடி. மோதிரம் எரிந்தாலும் மோதிர ஆசை எரியவில்லை! இது பகைவன் நாட்டைவிடக் கொடுமை என்று சாம் வருந்துகிறான். ஏனெனில் இது தன் வீடு, கெடுவதற்கு முன் இது எப்படி இருந்தது என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. இக்காட்சியின் விதையும் முன்பே ஊன்றப்பட்டதுதான். கலாட்ரியல் அரசியின் நீர்க்கண்ணாடியில் ஷயரின் மரங்கள் விழுவதைச் சாம் முன்னரே கண்டிருந்தான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. காண்டால்ஃப் அவர்களோடு வரவில்லை. நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், உங்கள் ஊரை நீங்களே சீர்ப்படுத்துங்கள், அதற்காகத்தான் இவ்வளவு பயிற்சியும் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு வழியிலேயே பிரிந்துவிடுகிறார். பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியரிடம் ஆசிரியை சொல்வது போலவே இல்லையா?

மக்களைத் திரட்டி மெரியும் பிப்பினும் போரிடுகின்றனர். ஹாபிட்டுகளில் 19 பேர் மாண்டனர்; அடியாட்களில் ஏறக்குறைய 70 பேர். ஃப்ரோடோ வாளை எடுக்கவேயில்லை. ஆயுதத்தைக் கீழே போட்டவர்களைக் கொல்லாதபடி தடுப்பதே அவன் வேலையாக இருந்தது. தன்னைக் கத்தியால் குத்திய சாருமானையும் அவன் மன்னித்துப் போகவிடுகிறான். பிறகு சாருமானைக் கொன்றது, அவன் நெடுநாள் இழிவாக நடத்திய அவனுடைய சொந்த வேலைக்காரனே. தீமை தன்னைத் தானே தின்றது.

இந்த அத்தியாயம் போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் ஆட்சியைக் குறிக்கிறது என்றனர் சிலர். டோல்கீன் அதையும் மறுத்தார். சிறுவயதில் தாம் வாழ்ந்த நாட்டுப்புறம் நகர வளர்ச்சியால் அழிந்ததை அவர் நினைவுகூர்கிறார். பர்மிங்காம் நகருக்கு அருகில் சேர்ஹோல் என்னும் சிற்றூரில், ஒரு பழைய மாவு ஆலைக்கு அருகே அவர் நான்கு ஆண்டுகள் வளர்ந்தவர். திரைப்படத்தில் இந்த அத்தியாயம் முழுவதையும் விட்டுவிட்டனர்.

ஒரு பெட்டி மண்

போர் முடிந்த பின் சாம் ஒரு சிறு பெட்டியைத் திறக்கிறான். அது கலாட்ரியல் தந்த பரிசு. அதற்குள் அவருடைய தோட்டத்து மண்ணும், வெள்ளித் தோல் கொண்ட ஒரு விதையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் உன் தோட்டத்திற்கே போட்டுக்கொள்வதை அந்த அரசி விரும்பமாட்டார் என்கிறான் சாம், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. எங்கெல்லாம் நல்ல மரங்கள் அழிந்தனவோ அங்கெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரடியிலும் ஒரே ஒரு மணல் இட்டு வருகிறான். மீதியை நாட்டின் நடுவிலிருந்து காற்றில் தூவிவிடுகிறான். மறு ஆண்டு வசந்தத்தில் கன்றுகள் இருபது ஆண்டு வளர்ச்சியை ஒரே ஆண்டில் பெற்றது போல் ஓங்குகின்றன. விதையிலிருந்து முளைத்த மரம் பொன்னிறமாகப் பூக்கிறது.

என் எண்ணத்தில் இந்நூலின் மிக அழகிய குறியீடு இதுவே. மோதிரத்தையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சிறியவை; இரண்டும் கைக்குள் அடங்குபவை; இரண்டும் ஆற்றல் மிக்கவை. மோதிரம் எல்லோருடைய ஆற்றலையும் ஒருவனிடம் சேர்ப்பது. பெட்டி ஒருவனிடம் உள்ளதை எல்லோருக்கும் பகிர்வது. மோதிரத்தை விரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். மண்ணைக் கை விரித்துத் தூவ வேண்டும். மூடிய கை ஒன்று, திறந்த கை ஒன்று!

இதற்கும் முன்னரே விதை உண்டு. பகைவன் நாட்டு எல்லையில் சாம் மோதிரத்தைச் சுமந்தபோது, அது அவன் மனத்தில் ஓர் ஆசையைக் காட்டியது. அவன் ஆணையிட்டால் அந்தப் பாலைநிலம் முழுவதும் பூந்தோட்டமாகிவிடுமாம். ஆனால் தன் கையால் பாடுபடும் ஒரு சிறு தோட்டமே தனக்குப் போதும், பிறரை ஏவி உண்டாக்கும் பெரிய தோட்டம் வேண்டாம் என்று அவன் தெளிந்தான். அன்று அவன் மறுத்த தோட்டத்தை, இன்று மண்வெட்டி பிடித்துத் தானே உண்டாக்குகிறான்.

ஆறாத காயம்

ஊர் செழித்தது. மெரியும் பிப்பினும் புகழோடு உலவினர். சாம், ரோசி என்பவளை மணந்தான். ஆனால் ஃப்ரோடோ ஊர் வாழ்விலிருந்து மெல்ல மெல்ல விலகிக்கொள்கிறான். அவன் செய்ததை ஊரார் அறியவும் இல்லை, மதிக்கவும் இல்லை. பகைவனின் கத்தி பட்ட அக்டோபர் 6ஆம் நாளும், பெருஞ்சிலந்தி கொட்டிய மார்ச் 13ஆம் நாளும் ஆண்டுதோறும் அவனை நோயில் தள்ளுகின்றன. இறுதியில் காயம் ஆற, கடலுக்கு மேற்கே செல்லும் கப்பலில் ஏறிவிடுகிறான். ஷயரைக் காக்க முயன்றேன், அது காக்கப்பட்டது, ஆனால் எனக்காக அல்ல என்னும் கருத்துப்பட அவன் சாமிடம் சொல்லும் இடத்தில் கண் கலங்காதார் யார்?

கப்பல் மரணத்தைக் குறிக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கதையின்படி அது அவ்வளவு நேரானதன்று. அந்த நாடு மோட்சம் அன்று. அங்கும் ஃப்ரோடோ ஒருநாள் இறப்பான். அதற்கு முன் மனப்புண் ஆறுவதற்கான இடமே அது என்று டோல்கீன் கடிதங்களில் விளக்கியிருக்கிறார். மழைத்திரை விலகி வெண்மணற் கரையும் பசுமையான நிலமும் தெரியும் அந்த இறுதிக் காட்சி, பயணத்தின் தொடக்கத்தில் ஃப்ரோடோ கண்ட ஒரு கனவே.

1918ஆம் ஆண்டுக்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரையும் போரில் இழந்தவர் டோல்கீன். ஊர் திரும்பியும் ஊரோடு ஒட்ட முடியாத வீரர்களை அவர் அறிந்திருப்பார் அன்றோ! ஆனால் போர்க்களம் போனவர்களுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. என் பெரியம்மா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தீப்பெட்டி ஒட்டி, தம்பி தங்கைகள் நால்வரைப் படிக்க வைத்தவர். இன்று அவர்கள் எல்லோரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். வீட்டில் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது பெரியம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஏன் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஃப்ரோடோவைப் படித்த பிறகு விளங்கிற்று. ஒருவர் இழந்தால்தான் பிறர் வைத்திருக்க முடியும் என்ற நிலை சில வீடுகளிலும் வருகிறது. நன்றி சொன்னால் மட்டும் அந்தக் காயம் ஆறிவிடாது. ஆனால் நன்றியாவது சொல்ல வேண்டும்.

வெற்றுப் பக்கங்கள்

புறப்படுமுன் ஃப்ரோடோ தான் எழுதிய பெரிய நூலைச் சாமிடம் தருகிறான். கடைசிச் சில பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன. அவை உனக்காக என்கிறான். கப்பலை வழியனுப்பிவிட்டு நெடுநேரம் அலையோசையைக் கேட்டு நின்ற சாம், வீடு திரும்புகிறான். வீட்டில் விளக்கு எரிகிறது. இரவு உணவு தயாராக இருக்கிறது. மனைவி அவனை நாற்காலியில் அமர்த்திக் குழந்தை எலனோரை மடியில் வைக்கிறாள். வந்துவிட்டேன் என்று அவன் சொல்வதோடு நூல் முடிகிறது. சாம் தன் பிள்ளைகளோடு உரையாடும் மற்றோர் இறுதிப் பகுதியையும் டோல்கீன் எழுதி, பின்னர் நீக்கிவிட்டார். அது 1992ஆம் ஆண்டில்தான் அச்சில் வந்தது. உலகப் பெருங்கதை ஒன்றை ஒரு வீட்டு அடுப்பங்கரை வெளிச்சத்தில் முடிப்பதே சரி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆறு அத்தியாயங்களும் இந்த ஒரு விளக்கை நோக்கியே நடந்து வந்திருக்கின்றன.

டோல்கீனின் நண்பர் சி. எஸ். லூயிஸ் 1956ஆம் ஆண்டு 'தி லாஸ்ட் பேட்டில்' என்ற நூலோடு நார்னியாக் கதைகளை முடித்தார். அவர் வாசகரை மறுவுலகிற்கே அழைத்துச் சென்று, மெய்யான கதை இனிமேல்தான் தொடங்குகிறது என்கிறார். 2007ஆம் ஆண்டு வெளிவந்த கடைசி ஹாரி பாட்டர் நூலில், சாவுக்கு அஞ்சாமல் காட்டுக்குள் தனியே நடந்த ஹாரி, வெற்றிக்குப் பின் எவராலும் வெல்ல முடியாத மந்திரக்கோலைத் தனக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அதன் முடிவுரையில் நாம் காண்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வைக்கும் ஒரு தந்தையை. டோல்கீனின் சாமும் ரௌலிங்கின் ஹாரியும் ஆற்றலைக் கைவிட்டு வீட்டை ஏற்றுக்கொண்டவர்கள். லூயிஸ் மட்டும் வீட்டுக்கும் அப்பால் உள்ள வீட்டைக் காட்டுகிறார்.

முடிவுரை

பகைவன் அழிந்த பின் ஆறு அத்தியாயங்களில் என்ன சொல்ல முடியும் என்று தொடக்கத்தில் கேட்டோம். வெல்வது வேறு, வாழ்வது வேறு என்பதைச் சொல்ல முடியும். பேராசை நம் வீட்டு வாசலிலும் நிற்கும், அதை விரட்ட வேறெவரும் வரமாட்டார்கள் என்று சொல்ல முடியும். வெட்டிய மரத்திற்குப் பதில் கன்று நட வேண்டும், காயப்பட்டவரைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல முடியும்.

தோழியரே! குறியீடு தேடுவது புதிருக்கு விடை கண்டுபிடிப்பது போன்றதன்று. கதை எங்கே விதைத்தது, எங்கே அறுத்தது என்று பொறுமையாகப் பார்ப்பதே அது. அடுத்த முறை ஒரு பெருங்கதையின் வில்லன் விழுந்ததும் நூலை மூடிவிடாதீர்கள். மீதிப் பக்கங்களையும் படியுங்கள். ஃப்ரோடோ சாமுக்கு விட்டுச் சென்றது போல, ஆசிரியர் நமக்கென்று விட்டுச் சென்ற பக்கங்கள் அவையே.